ஏதோ ரெண்டு இறா

எனக்கு ஆங்கிலம் தெரியாமல் இல்லை. தெரிந்த வாக்கியத்தை எழுதத்தான் கை வரவில்லை.

காட்டுப்பள்ளித் துறைமுகப் பக்கம் ஒரு சரக்கு அலுவலகத்தில் பயிற்சி வேலை. என் முன்னேற்றத்தைப் பற்றி நானே ஆங்கிலத்தில் ஒரு பத்தி எழுதித் தர வேண்டும். அதைப் பார்த்துத்தான் வேலையை நிரந்தரமாக்குவார்கள். இல்லாவிட்டால் நடையைக் கட்ட வேண்டியதுதான். கொஞ்சம் கற்றுக்கொண்டேன் என்கிற மாதிரி எழுதிக் காட்டினேன். மேலாளர் அம்மா உதட்டைப் பிதுக்கினார்.

"இதைப் படிச்சா உன்னை யார் வெச்சுப்பாங்க? 'இம்ப்ரூவ்டு பை லீப்ஸ் அண்ட் பவுண்ட்ஸ்'னு போடு. நெஜமாவே துள்ளித் துள்ளி வேகமா வளர்ந்திருந்தா மட்டும் போடு, ஊர்ந்து போறதுக்கெல்லாம் அது பொருந்தாது. காலைல மெயில் வந்துடணும்."

நிஜம்தான். சேர்ந்த புதிதில் போன் அடித்தாலே எனக்கு வேர்க்கும். இப்போது கப்பல் ஏஜெண்டுகளோடு ஆங்கிலத்தில் சண்டையே போடுகிறேன். ஆனாலும் 'லீப்ஸ்' வரை அடிப்பேன், அழிப்பேன், எழுந்துபோய்த் தண்ணீர் குடிப்பேன். சே, இது என்ன பாழாய்ப்போன கூச்சம்!

எங்கள் வீட்டு வழக்கம் அப்படி. நைனா படகு நிறைய இறாலோடு கரையேறுவார். "இன்னாண்ணே, இன்னிக்கு எப்பிடி?" என்று யாராவது கேட்டால், கூடைமேல் ஈரச்சாக்கை இழுத்து மூடிக்கொண்டு, "ஏதோ ரெண்டு இறா கீது" என்பார். நிறைய என்று சொல்லிவிட்டால் கண் பட்டு, மறுநாள் வலை வெறுமனே வருமாம். நான் அதைக் கேட்டே வளர்ந்தவள்.

காலையில் பழவேற்காடு மீன் மார்க்கெட் ஓரம் ஷேர் ஆட்டோவுக்கு நின்றேன். கையில் போன், அதில் பாதி மெயில். உள்ளே நைனாவின் இறாலை விற்றுக்கொண்டிருந்த என் அம்மாவின் குரல் தெரு வரைக்கும் வந்தது.

"வா வா, துள்ளுது பாரு! இன்னும் உசுரு போவல! இந்த மாரி இறா எங்கியும் கெடைக்காது!"

அதே கூடை. நைனா சாக்குப் போட்டு மூடிய அதே இறால். அம்மா ஒன்றைத் தூக்கிக் காட்ட, அது நிஜமாகவே துள்ளியது. அடிப்பாவி, அம்மா! விற்க வந்த இடத்தில் மூடி வைத்தால் யார் வாங்குவார்கள்? நின்ற இடத்திலேயே வாக்கியத்தை முழுசாக அடித்து அனுப்பினேன்.

அடுத்த வாரம் வேலை நிரந்தரமானது. கழுத்தில் புது அடையாள அட்டையோடு தெருவில் நுழைந்தேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பக்கத்து வீட்டு அத்தை வழிமறித்தாள்.

"இன்னாடி, வேல இன்னாச்சி?"

"ஏதோ ஓடுது அத்தை" என்றேன், துப்பட்டாவை இழுத்து அட்டையை மூடிக்கொண்டே.