சுக்கான் யார் கையில்

எங்கள் புனே வீட்டில் ஸ்கூட்டர் ஓட்டுவது நான். தேஹு ரோட்டிலிருந்து கடக்வாஸ்லா ஏரி வரைக்கும் லாரிகளுக்கு நடுவே புகுந்து புகுந்து நான் ஓட்ட, என் கணவர் பின்னால் உட்கார்ந்து ஆண்டவரை அழைத்துக்கொண்டே வருவார். ஏரிக்கரையில் இறங்கியதும் நிலைமை தலைகீழ். எங்கள் பாய்ப்படகில் ஆள் இரண்டு, சுக்கான் ஒன்று. அது எப்போதும் அவர் கையில். நான் முன்னால் உட்கார்ந்து சின்னப் பாயை இழுத்துப் பிடிக்க வேண்டும், படகு சாய்ந்தால் உடம்பை வெளியே தொங்கவிட வேண்டும், தண்ணீரைப் பார்த்துக் காற்று எந்தப் பக்கம் வருகிறது என்று சொல்ல வேண்டும். "ஒருநாள் நான் பிடிக்கட்டுமா?" என்று கேட்டால், "அதுக்குப் பொறுமை வேணும்மா" என்பார். எனக்குப் பொறுமை இல்லை என்பது உண்மைதான். அதைச் சொல்ல இவர் யார்?

ஏரியில் சர்வதேசப் போட்டி நடக்கப்போகிறது, உள்ளூர்க்காரர்களுக்கு ஒதுக்கிய இடங்களில் எங்களுக்கும் ஒன்று உண்டு என்று தெரிந்த அன்று அவருக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில் வாயை விட்டார்.

"பட்டியல்ல மேல்பாதிக்குள்ள நாம வரலைன்னா சுக்கான் உனக்குத்தான். நான் முன்னால உக்காந்துக்கிறேன்."

"வாக்கு மாறக் கூடாது."

"மாற மாட்டேன்."

அன்றிலிருந்து என் பாடு திண்டாட்டம். தோற்றால் சுக்கான் கிடைக்கும். ஆனால் தோற்பது எனக்கு ஆகவே ஆகாது. பள்ளி ஆண்டு விழாவில் ஆசிரியைகளுக்கு வைக்கும் எலுமிச்சம்பழ ஓட்டத்தில்கூடத் தலைமையாசிரியையை இடித்துக்கொண்டு ஓடுகிறவள் நான்.

அந்த ஏரிக் காற்றுக்கு நாணயம் கிடையாது. சிங்ககட் மலையிலிருந்து இறங்கும், பாதி வழியில் மனசு மாறி அணைப் பக்கமிருந்து வரும், அப்புறம் செத்துப்போகும். போட்டி தொடங்கியதும், உலகமெல்லாம் ஜெயித்துவிட்டு வந்த ஆட்களே பாய் தொங்க நடுத்தண்ணீரில் உட்கார்ந்து தங்கள் மொழியில் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரே குஷி. காற்று விழும் இடத்தில் தண்ணீர் கறுத்து வரும். அதை நாங்கள் கறுப்பு என்றே சொல்வோம். "ஏங்க, இடது பக்கம் கறுப்பு!" என்று நான் கத்துவேன், அவர் திருப்புவார்.

புனேத் தமிழர்களுக்கு ஒரு அசட்டுத் தைரியம் உண்டு. வீட்டு வாசலைத் தாண்டினால் தமிழ் யாருக்கும் புரியாது என்ற தைரியம். துணிக்கடைக்காரரின் முகத்துக்கு நேராகவே "கொள்ளையடிக்கிறான், எந்திரிங்க" என்போம். லோனாவளா லோக்கல் ரயிலில் எதிரே இருப்பவரின் மீசையைப் பற்றி விவாதிப்போம். அதே தைரியத்தோடு முதல் நாள் முழுக்க ஏரி அதிரப் பேசினேன். இரண்டு பெண்கள் வந்த ஒரு படகு எங்களை ஒட்டியே வந்தது. நாங்கள் திருப்பினால் அவர்களும் திருப்பினார்கள். எனக்கு எரிச்சல்.

"அந்தப் பச்சைத் தொப்பியப் பாருங்க. கொடியில துணி காயப்போடுற மாதிரி பாயைப் பிடிச்சிருக்கா. இவளை யாரு அனுப்புனாங்களோ!"

சாயங்காலம் அணைக்கரைக் கடையில் வெங்காயம் போட்ட காந்தா பஜ்ஜி தின்றுகொண்டிருந்தோம். பச்சைத் தொப்பி நேராக என் முன்னால் வந்து நின்றாள்.

"அக்கா, நாங்க சென்னை. பாயை எப்படிப் பிடிக்கணும்னு நீங்களே சொல்லிக் குடுங்களேன்."

பஜ்ஜி தொண்டையில் நின்றுவிட்டது. பகலில் பக்கம் பார்த்துப் பேசு என்று சும்மாவா சொன்னார்கள்? என் கணவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன், சிரிப்புதான் வந்தது. "நீங்க கறுப்புன்னு கத்துனதாலதான்க்கா நாங்க இன்னிக்குக் கரை சேந்தோம்" என்றாள் அவள். அதற்கும் சிரித்தோம். என்ன விஷயம் என்று கடைக்காரர் கேட்டார். சொல்ல ஒருவருக்கும் மூச்சு இல்லை.

கடைசிப் பந்தயத்துக்கு முன் கணக்கு எளிதாக இருந்தது. எங்களுக்கும் அந்தப் பெண்களுக்கும் சமமான புள்ளிகள். முந்துகிறவர் மேல்பாதி, பிந்துகிறவர் கீழ்பாதி. காலையில் உப்புமாவைக் கிண்டிக்கொண்டே என் கணவர் திட்டம் போட்டார்: "இன்னிக்கு மராத்தி. அதுங்களுக்குப் புரியாது."

கல்யாணமான நாள் முதல் நாங்கள் ஒருவரோடொருவர் மராத்தியில் பேசியதில்லை. அவசரத்துக்கு வந்தது ஆட்டோக்காரரிடம் வழி சொல்லும் மராத்திதான். நான் "டாவிகடே!" என்று கத்தினேன், அவர் இடது பக்கம் திருப்பினார். "உஜவிகடே!" வலது பக்கம். அவர் என்னைப் பார்த்து "தாம்பா, தாம்பா!" என்றார், நிறுத்துங்க என்று. பக்கத்தில் போன உள்ளூர்ப் படகிலிருந்து ஒருவர் "காய் ஹோ, ரிக்‌ஷா ஆஹே கா?" என்று கேட்டார். இது என்ன ஆட்டோவா என்று கேலி. ஆனால் வித்தை பலித்தது. சென்னைப் படகு குழம்பிப் பின்னால் போனது.

கடைசி மிதவைக்குப் போகும் வழியில் காற்று செத்தது. எல்லாப் படகும் நின்றது. அப்போது மலையடிவாரத்தில் தண்ணீர் கறுத்தது. அப்படி ஒரு கறுப்பை நான் அந்த ஏரியில் பார்த்ததே இல்லை. அகலமாக, மினுமினுவென்று, எங்களைத் தேடியே வருவதுபோல வந்தது. எனக்கு மராத்தி மறந்தது, திட்டம் மறந்தது, புள்ளி மறந்தது.

"ஏங்க! வலது பக்கம் கறுப்பு! திருப்புங்க, திருப்புங்க!"

இரண்டு படகுகள் ஒன்றாகத் திரும்பின. மற்ற எல்லாரும் நின்றுகொண்டிருக்க நாங்கள் நால்வர் மட்டும் பறந்தோம். முதுகு தண்ணீரில் உரச உரச நான் கூவினேன், அந்தப் பெண்களும் கூவினார்கள். அவ்வளவு சந்தோஷமாக நான் எதிலும் இருந்ததில்லை. எல்லைக்கோட்டை அவர்கள் எங்களுக்கு ஒரு முழம் முன்னால் தாண்டினார்கள்.

"வேணும்னேதான கத்துன?" என்றார் என் கணவர்.

"சத்தியமா இல்லங்க."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சுக்கானை என் கையில் கொடுத்துவிட்டு முன்னால் போய் உட்கார்ந்தார். கரைக்குத் திரும்ப வேண்டும். "காத்து எங்க வருது, சொல்லுங்க" என்றேன். அவர் கண்ணுக்கு மேல் கையை வைத்து இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார், வெகுநேரம் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணுமே தெரியலையேம்மா" என்றார். குரல் தணிந்திருந்தது. "இத்தனை வருஷமும் நீதான் ஓட்டியிருக்க. நான் சும்மா கட்டையைப் பிடிச்சிட்டு உக்காந்திருக்கேன்."

கிண்டல் செய்ய எனக்கு நாலைந்து வார்த்தைகள் தயாராக இருந்தன. கண்தான் கலங்கியது.

பின்னாலிருந்து பச்சைத் தொப்பியின் குரல் ஏரி முழுக்கக் கேட்டது.

"அக்கா! இடது பக்கம் கறுப்பு வருது, திருப்புங்க!"

நான் திருப்பினேன்.