படிக்கத் தெரியாதவனுக்கு ஒரு வேலை

திண்டிவனம் கடலை மண்டியில் மல்லாட்டை மூட்டை தூக்கிக்கொண்டிருந்த என்னை, படிக்கத் தெரியாது என்ற ஒரே தகுதிக்காக ஒரு புத்தகக் கம்பெனி வேலைக்கு எடுத்தது. நடத்தியவர் இத்தாலியிலிருந்து வந்த பாதிரியார்; எங்களுக்குச் சாமி. அவர் ஊரில் தாத்தா காலத்திலிருந்தே அவர்களுக்குப் புத்தகக் கம்பெனி உண்டு. தாத்தா பஞ்சாங்கம் மாதிரி ஏதோ அச்சடித்துத் தொடங்கினாராம். அப்பா கதைப் புத்தகத்துக்கு மாறினாராம். சித்தப்பாக்கள் இருவர் சண்டை போட்டுக் கம்பெனியை இரண்டாக்கி, பிறகு சமாதானமாகி மறுபடி ஒன்றாக்கினார்களாம். இத்தனை கலாட்டாவிலும் ஒரு வழக்கம் மட்டும் மாறவில்லை. எந்தப் புத்தகமானாலும் அச்சுக்குப் போகுமுன் படிக்கத் தெரியாத ஒருவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

"அங்க ரொட்டி சுடறவரு கேட்டாரு. இங்க நீ கேளு," என்றார் சாமி. நம்ம ஊர்ப் பேச்சு அவருக்கு நன்றாகப் படிந்திருந்தது.

"கேட்டுக்கினே தூங்கிட்டா, சாமி?"

"அந்தப் பக்கத்தக் கிழிச்சிப் போட்டுடுவேன்."

கேப்பைக் களி தின்றுவிட்டு வந்த ஒரு மத்தியானம், பாவம், யாரோ எழுதிய மூன்று பக்கங்கள் என்னால் செத்தன.

சாமி விரல் வைத்து வாசிப்பார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவன் கண்ணை எங்கே வைப்பது? விரல் போன வழியே அதுவும் போனது. இரண்டு வருஷத்தில் எழுத்துகள் ஒவ்வொன்றாக அடையாளம் தெரிந்துவிட்டன. படிப்பு வந்தால் வேலை போய்விடும், மறுபடி மூட்டைதான். பஸ் ஸ்டாண்டில்கூட வேண்டுமென்றே, "இது எங்கண்ணா போவுது?" என்று கேட்பேன்.

"கிளியனூருன்னு அம்மாம் பெருசா எழுதிக்கீதே, கண்ணு அவுஞ்சிபோச்சா?"

"ஆமாண்ணா," என்பேன் பணிவாக.

அப்புறம் விழுப்புரத்துக் காகித வியாபாரி ஒருவர் கம்பெனியில் கூட்டுச் சேர்ந்தார். சாமி பெரிய மனசு பண்ணி என்னையும் சின்னக் கூட்டாளியாகச் சேர்த்தார். பத்திரம் பதிய மூவரும் விழுப்புரம் போனோம்.

"இவரு கைநாட்டுதானே? மையை இப்டித் தள்ளுங்க," என்றார் வியாபாரி.

சுற்றிலும் கஞ்சி போட்ட சட்டைகள். எனக்கு எங்கிருந்து ரோஷம் வந்ததோ, பேனாவைப் பிடுங்கி முழுப் பெயரையும் எழுதிவிட்டேன், இனிஷியலோடு.

சாமி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "யாரு கத்துக்குடுத்தா?"

"உங்க விரலுதான், சாமி."

"அப்போ கேக்கற வேலைக்கு நீ ஆவ மாட்ட."

"தெரியும், சாமி."

திரும்பும் ரயிலில் சாமியும் நானும் எதிரெதிரே உட்கார்ந்தோம். மூட்டை தூக்கி எத்தனை நாளாயிற்று என்று தோளைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். மயிலம் ஸ்டேஷன் தாண்டியதும் சாமி தொண்டையைச் செருமினார்.

"வாசிச்சி வாசிச்சி எனக்குத் தொண்டை கட்டிக்குது. இனிமே நீ வாசி. கேக்கத்தான் ஆளு வேணும்."

"எம் பொண்டாட்டி கீறா, சாமி. ஆனா அவ தூங்க மாட்டா. கேள்வி கேப்பா."

திங்கட்கிழமை அவள் என் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் நாலு வரி வாசித்திருப்பேன்.

"நில்லுய்யா. இந்த ஆளு இன்னாத்துக்கு அழுவறான்?"

"எழுதினவரத்தான் கேக்கணும்."

"அப்ப ஜல்தியா போயி கேட்டுக்கினு வா. நான் இங்கியே குந்திக்கினுகிறேன்."

சாமி என் செருப்பை எடுத்து என் பக்கம் தள்ளினார்.