பேப்பர் தட்டில் மஸ்கட் நேரம்

மூன்றாம் வகுப்பு டியூஷன் பிள்ளைகளுக்கு இன்று மணி பார்க்கச் சொல்லிக் கொடுத்தேன். போர்டில் வரைந்தால் கொட்டாவி விடுகிறார்கள். அதனால் சர்ச் விருந்தில் மிஞ்சிய பேப்பர் தட்டுகளைக் கொடுத்து, ஆளுக்கொரு கடிகாரம் செய்யச் சொன்னேன்.

அட்டையில் முள் வெட்டி, நடுவில் குண்டூசி குத்தி, வீடே ஒரே கும்மாளம்.

"எல்லாரும் ஆறு மணி வையுங்க" என்றேன்.

ஜெனிஷா மட்டும் நாலரை வைத்திருந்தாள்.

"தப்பு மக்களே, ஆறு எங்க இருக்கு பாரு."

"தப்பில்ல மிஸ்ஸே. இது எங்க அப்பாக்க கிளாக்கு. மஸ்கட்டுல இப்பம் நாலரைதான்."

"யாரு சொல்லித் தந்தா?"

"நானே பாத்தேன். அப்பா வீடியோ கால்ல வரும்போ பின்னால செவருல கிளாக்கு தெரியும்."

உடனே பபிதா தன் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் அம்மா சென்னையில் நர்ஸ். கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைத்தால் வருவார்.

"எங்க அம்மைக்கு இப்பம் என்ன மணி மிஸ்ஸே?"

"நமக்கு என்ன மணியோ அதேதான் மக்களே. ஆறு."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. தட்டை ஜெனிஷாவிடம் பெருமையாகக் காட்டினாள். பிறகு முள்ளைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"எனக்கும் அம்மைக்கும் ஒரே மணிதானே. பின்ன ஏன் அம்மை இங்க இல்ல?"

"சரி, இனி எல்லாரும் எட்டு மணி வையுங்க" என்று பேச்சை மாற்றிவிட்டேன்.

மணி பார்க்க எல்லோரும் கற்றுக்கொண்டார்கள். பபிதாவின் கேள்விக்குத்தான் எனக்குப் பதில் தெரியவில்லை. டீச்சர்மாரே, தெரிந்தால் கமெண்டில் சொல்லுங்கள். அவள் மறக்கிற பிள்ளை இல்லை, நாளை சாயங்காலம் வந்து நிற்பாள்.