லியோனில் பாண் வாங்கப் போன காலை

இத்தாலியின் பலேர்மோவில் கோடை மத்தியானங்களில் யன்னலைச் சாத்திவிட்டுப் படுத்தால், லியோன் நகரத்தின் பனிப்புகார் அறைக்குள் வருவது போலிருக்கும்.

பிரான்சில் இருக்கும் அந்த ஊருக்கு அக்காவைப் பார்க்க ரயிலேறிப் போய், இரண்டு கிழமை நின்றேன். இரண்டு ஆறுகள் ஓடும் ஊர். காலையில் ஆறும் தெரியாது, பாலமும் தெரியாது. ஆட்கள் மட்டும் வெள்ளைக்குள்ளிருந்து வந்து வெள்ளைக்குள் போவார்கள். நானும் அவர்களோடு நடந்தேன். யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டாலும் எனக்குப் பிரெஞ்சு தெரியாது.

அதுதான் எனக்குப் பிடித்தது. நான் கூச்சக்காரன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்கு, எழுந்து நின்று பதில் சொல்லும் பயமும் ஒரு காரணம். பலேர்மோவில் நான் இருக்கும் அல்பெர்கேரியாச் சந்தைப் பகுதியில் வாய் திறக்காமல் ஓர் ஒழுங்கையைக் கடக்க முடியாது. மீன்காரன் கேட்பான், மேல்மாடி சிஞ்ஞோரா கேட்பாள், பூசை முடிந்து வெளியே வந்தால் எங்கள் சனம் கேட்கும். லியோனில் பாண் கடையில் நீட்டு ரொட்டியை விரலால் காட்டினேன்; பாண் கிடைத்தது.

"மூண்டு பாஷை தெரிஞ்ச மனுசன் இஞ்சை வந்து ஊமையாப் போனார்" என்று அத்தான் சிரித்தார். "பேசாமல் இஞ்சையே நில்லும் மச்சான்."

அக்கா சிரிக்கவில்லை. அத்தான் வேலை செய்த உணவகத்தில் கோப்பை கழுவ ஆள் தேவைப்பட்டது. "நீ நிண்டால் எனக்கெண்டு ஒரு சகோதரம் பக்கத்தில இருக்கும்" என்றார். என் வதிவிடப் பத்திரம் இத்தாலிக்கு உரியது. பிரான்சில் ஒளித்துத்தான் வேலை செய்யவேண்டும். என்றாலும் நிற்கத்தான் மனம் சொன்னது. கடைசி நாள் காலை, பாண் வாங்கி வந்து முடிவு சொல்கிறேன் என்று இறங்கினேன்.

கடைவாசலை மறித்துக்கொண்டு ஒரு கிழவர் நின்றார். என்னை அறியாமல் "பெர்மெஸ்ஸோ" என்றேன். வழி விடச் சொல்லி இத்தாலியில் கேட்கும் சொல். எங்கள் வதிவிடப் பத்திரத்துக்கும் அதே பெயர். பலேர்மோத் தமிழர் வாயில் ஒரு நாளைக்குப் பலமுறை வந்துவிடும்.

பாண் விற்ற பெண் நிமிர்ந்தாள். "இத்தாலியோ? எந்த ஊர்?" என்று இத்தாலிய மொழியில் கேட்டாள்.

"பலேர்மோ."

கையிலிருந்த பாணைக் கீழே வைத்துவிட்டாள். அவளுடைய தாயின் ஊராம். தான் ஒருநாளும் பார்த்ததில்லையாம். "எப்படி இருக்கும்? சொல்லு, சொல்லு!"

சொன்னேன். வாள்மீனின் தலையை வானம் பார்க்க நிறுத்தி வைத்து விற்பதைச் சொன்னேன். கடலுக்கு அப்பாலிருந்து பாலைவனக் காற்று வீசினால் கதவுப்பிடிகூடச் சுடுவதைச் சொன்னேன். மொண்டெல்லோவில் கடல் காலையில் ஒரு நிறம், பின்னேரம் வேறொரு நிறம் என்றேன். பின்னால் வரிசை நீண்டது. யாரோ இருமினார்கள். நான் நிறுத்தவில்லை. எங்கள் சந்தை, எங்கள் கடல் என்றே வாயில் வந்தது.

"எப்போது வீட்டுக்குப் போகிறாய்?" என்று கேட்டாள்.

"இன்றைக்குப் பின்னேரம்."

சொன்ன பிறகுதான் அது என் முடிவு என்று எனக்கே விளங்கியது.

"பாண் வாங்கப் போனவன் மனசை மாத்திக்கொண்டு வாறான். அப்பிடி என்ன பாணடா அது?" என்று அக்கா ஏசினார். ஏசிக்கொண்டே புட்டுப் பார்சல் கட்டினார்.

ரயில் நிலையத்திலும் பனிப்புகார். கதவு மூடிய பிறகு அக்கா கண்ணாடிக்கு அப்பால் நின்று ஏதோ கேட்டார். திரும்பி வருவியோ என்றுதான் இருக்கவேண்டும். ரயில் நகர்ந்தது. வெள்ளை அவரை மூடும்வரை, ஓம், ஓம் என்று தலையாட்டிக்கொண்டே இருந்தேன்.