பதிலுக்கு விட்ட இடைவெளி

எங்கள் அண்ணன் போய் ஒரு வருடமாகிறது. பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள் என்ற ஒரே குற்றத்துக்காக, அவருடைய நினைவு மலருக்கு எழுதும்படி எல்லோருமாக என்னைப் பிடித்துவிட்டார்கள். தன்னைப்பற்றி யாராவது நாலு வார்த்தை நல்லதாகச் சொன்னாலே எழுந்துபோய்ச் சைக்கிளுக்குக் காற்றடிக்கத் தொடங்கிவிடுகிற மனிதர் அண்ணன். இனி எழுந்து போகமாட்டார் என்பதால்தான் துணிந்து எழுதுகிறேன்.

பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர் அவர். கலவரத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு எங்கள் குடும்பம் கிளிநொச்சிப் பக்கம் வந்து சேர்ந்தபோது அவருக்குப் பத்து வயது. நான் அம்மாவின் இடுப்பில் இருந்தேனாம். காடு வெட்டிக் குடியேறிய நிலத்தில் அப்பா அதிக காலம் இருக்கவில்லை, மலேரியா கொண்டுபோய்விட்டது. அண்ணன் படிப்பை விட்டுச் சைக்கிள் திருத்தும் கடையொன்றில் சேர்ந்தார். பின்னர் சொந்தமாகக் கடை போட்டார். என்னைப் படிக்கவைத்தது அந்தக் கடைதான். கடைக்கு வருகிறவர்களுக்கு வடக்கத்துப் பேச்சில் "ஓம்" என்பார், வீட்டுப் படலையைத் தாண்டியதும் அம்மாவுக்குத் தோட்டத்துப் பேச்சில் "ஆமா" என்பார். ஒருநாளாவது மாறிச் சொல்லமாட்டாரா என்று நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன், நடக்கவில்லை.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தோட்டத்திலேயே தங்கிவிட்ட அவரது தம்பிக்கும், அதாவது எங்கள் மாமாவுக்கும் தெரியாது. இன்னொருவரைக் கொண்டு எழுதுவிக்கும் கடிதத்தில் மனதில் உள்ளதெல்லாம் வந்துவிடுமா? அதனால் இருவரும் கசெற்றில் பேசி அனுப்பிக்கொண்டார்கள். எங்கள் குடியிருப்பில் பல வீடுகளில் இதே வழக்கம்தான். வவுனியா தாண்டிப் போகிற யாராவது கொண்டுபோய்க் கொடுப்பார்கள். இருந்தது ஒரே கசெற். அம்மா பேசியதன் மேலேயே மாமா பதிலைப் பதிந்து அனுப்புவார். அதன்மேல் அம்மா மறுபடி பேசுவார். பதில் வந்துவிட்டது என்றால் கடிதம் அழிந்துவிட்டது என்று அர்த்தம். புதுக் கசெற் கிடைப்பது அரிதாக இருந்ததால் யாருக்கும் அது ஒரு குறையாகப் படவில்லை.

சண்டைக்காலத் தடையால் பற்றரி எங்கள் வன்னிப் பகுதிக்குள் வராமல் போனதும் அண்ணன் றெக்கோடரைச் சைக்கிள் டைனமோவில் கொழுவினார். சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி மிதியைக் கையால் சுற்றுவார். உற்சாகத்தில் வேகமாகச் சுற்றிவிட்டால், பதிந்த குரல் பிறகு தடித்துக் கேட்கும். அக்காவுக்குத் தடிமனா, மருந்து குடித்தாரா என்று மாமா ஒருமுறை கவலைப்பட்டுக் கேட்டிருந்தார்.

அண்ணனை வதைத்தது அம்மா பேசும் முறை. "தம்பி, நல்லா இருக்கியா?" என்று கேட்டுவிட்டு, மாமா பதில் சொல்வதற்கு நேரம் விட்டுப் பேசாமல் காத்திருப்பார். கை கடுக்கச் சுற்றிக்கொண்டிருக்கும் அண்ணன், கசெற் சும்மா ஓடுகிறது என்று முணுமுணுப்பார். ஒருவரிடம் ஒன்றைக் கேட்டுவிட்டு அவர் வாய் திறக்குமுன் அடுத்ததைக் கேட்பது என்ன பழக்கம் என்று அம்மா அவரைத்தான் ஏசுவார். வேடிக்கை என்னவென்றால், தோட்டத்தில் மாமாவும் கசெற்றுக்கு முன்னால் உட்கார்ந்து அந்த இடைவெளிகளில் பதில் சொல்வாராம்.

அண்ணன் முல்லைத்தீவுப் பக்கம் பெண் எடுத்தார். மாமாவின் மகள் முறைப்பெண்ணாக இருக்க வெளியில் எடுத்தது மாமாவுக்குப் பெரிய கோபம். கல்யாணத்துக்கு வரவில்லை. அம்மா கசெற்றில் அவரை நன்றாகக் கேட்டு அனுப்பினார். பதில் வரவில்லை. சில மாதங்களில் அம்மா காய்ச்சலில் போய்விட்டார்.

செத்தவீட்டுக் காரியங்கள் முடிந்ததும் அந்தக் கசெற்றைத் திருப்பி அனுப்பச் சொல்லி அண்ணன் மாமாவுக்கு எழுதினார். அது அழிந்துபோய்விட்டது என்று மாமாவின் மகளுடைய கையெழுத்தில் இரண்டு வரி வந்தது. அன்று அண்ணன் கடை திறக்கவில்லை.

"தங்கச்சி, அம்மா மொகம் படத்துல இருக்கு. கொரலு எங்க இருக்கு?" என்று என்னிடம் கேட்டார்.

அதற்குப் பிறகுதான் வீடு வீடாகப் போகத் தொடங்கினார். எந்த வீட்டில் எந்தக் கசெற் இருக்கிறது, யாருடைய குரல் இருக்கிறது என்று விசாரித்து வாங்குவார். தோட்டத்திலிருந்து வந்த பெரியவர்களைச் சைக்கிளுக்குப் பக்கத்தில் இருத்திப் பேசவைப்பார். தான் சாகுமுன் குரலைப் பிடித்துவைக்க வந்துவிட்டான் என்று தடியைத் தூக்கிய ஒரு பெரியவர், மறுவாரம் வேட்டி கட்டிக்கொண்டு தானாகவே வந்து காமன் கூத்துப் பாட்டு முழுவதையும் பாடிவிட்டுப் போனார். பதிந்து முடிந்ததும் அண்ணன் கசெற்றின் முதுகில் உள்ள சின்னப் பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிடுவார். உடைத்துவிட்டால் அதன்மேல் வேறெதையும் பதிய முடியாது. உடைப்பதற்கு அவர் வைத்த பெயர் "பூட்டுப் போடுறது".

சண்டை நெருங்கிக் கிளிநொச்சியை விட்டு எல்லோரும் வெளிக்கிட்ட நாளில், சைக்கிள் கரியரில் ஒரு பெட்டிதான் வைக்கலாம் என்றிருந்தது. கடைச் சாமான் பெட்டியை இறக்கிவிட்டுக் கசெற் பெட்டியைக் கட்டினார். அண்ணிக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"உந்தக் குரலுகள் எங்களுக்குச் சோறு போடுமே?" என்றார்.

"போடாதுதான். விட்டிட்டுப் போனா எனக்குச் சோறு இறங்காது."

வழியெல்லாம் மழை. தன் சாரத்தையும் போர்வையையும் பெட்டிக்குச் சுற்றிவிட்டு நனைந்துகொண்டே மல்லாவி வந்து சேர்ந்தார். இரவல் வாங்கிய நட்டுக் கழற்றும் சாவிகளோடு மறுபடி முதலிலிருந்து கடை தொடங்கினார். அண்ணி நெடுநாள் அந்தப் பெட்டிக்கு முகம் கொடுக்கவில்லை.

போன வருடம் வந்த காய்ச்சல் இரண்டு கிழமையில் அவரைக் கொண்டுபோய்விட்டது. படுக்கையிலும், கடைசியாகப் பதிந்த கசெற்றுக்குப் பூட்டுப் போட்டாயிற்றா என்றுதான் கேட்டார். அவர் போனபின் அத்தனை கசெற்றையும் போட்டுப் பார்த்தோம். ஊரையே பேசவைத்தவருடைய குரல் ஒன்றிலும் இல்லை. அவர் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டார், பேசவில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. இன்னும் முழுவதாகப் போகவில்லை.

காய்ச்சலில் இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட வைத்தியருக்கும் தாதிமாருக்கும், கிடுகு வேய்ந்து பந்தல் போட்டுச் செத்தவீட்டைத் தங்கள் வீடாக நடத்திய அயலவருக்கும், நம்பித் தங்கள் குரல்களைத் தந்த எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. கசெற்றுகள் அண்ணியின் அலுமாரியில் பத்திரமாக இருக்கின்றன. உங்கள் வீட்டாரின் குரலைக் கேட்க வேண்டுமென்றால் எப்போதும் வாருங்கள்.

மாமாவுக்கு நன்றி சொல்வதற்கு முன் நடந்ததைச் சொல்லவேண்டும். திவசத்துக்கு ஒரு மாதம் இருக்கையில், வவுனியாவிலிருந்து வந்த ஒருவர் கையில் மாமா ஒரு கசெற் கொடுத்துவிட்டிருந்தார். கூடவே, அவர் சொல்லச் சொல்ல மகள் எழுதிய துண்டுக் கடிதம். "அக்கா கேட்ட கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல. வெக்கத்துலதான் அழிஞ்சுபோச்சுன்னு சொன்னேன். மருமகனுக்குக் குடுக்காம வச்சிருந்துட்டேன்." பதில் பேச மனமில்லாததால் அவர் அதன்மேல் எதையும் பதியவில்லை. அம்மா அப்படியே இருந்தார்.

பக்கத்து வீட்டு உழவு இயந்திரத்தின் பற்றரியில் கொழுவிக் கேட்டோம். "தம்பி, ஏன்டா கல்யாணத்துக்கு வரல?" என்று அம்மா கேட்டார். பிறகு வழக்கம்போல நிறுத்திவிட்டார். அந்த இடைவெளியில் சங்கிலி ஓடுகிற சத்தமும் சில்லுச் சுற்றுகிற சத்தமும் கேட்டன. அண்ணி எழுந்து போய் வெளியே பார்த்தார். அண்ணனின் சைக்கிள் வேலியில் சாத்தியபடி நின்றது.

"அம்மா, பேசுங்க. சும்மா ஓடுது" என்று அண்ணன் இரகசியமாகச் சொன்னார்.

"அவன் பதில் சொல்லட்டும். நீ இருடா" என்றார் அம்மா.

சில்லு சுற்றிக்கொண்டே இருந்தது. முடியும்வரை அண்ணி வாசலிலேயே நின்று கேட்டார். பிறகு உள்ளே வந்து, கசெற்றை வெளியே எடுத்து, தன் கையால் பூட்டுப் போட்டார்.

— தங்கை