சவரிமுத்துவின் நாக்கு

திருமுருகன் பைப் ரெஞ்சால் அடித்த முதல் அடி சவரிமுத்துவின் இடது முட்டியில் விழுந்தது. எலும்பு உடைந்த சத்தம் மோட்டார் கொட்டகைக்கு வெளியே நின்றவர்களுக்கும் கேட்டது. ஒருத்தர்கூடத் தடுக்கவில்லை. தடுக்க மனசு வராத அளவுக்கு, தர்பூசணிக் கொடிகள் அவர்கள் கண் முன்னால் கருகிக் கிடந்தன.

சவரிமுத்து கையால் போர் போடுகிறவர். மரக்காணம் உப்பளத்தில் பிறந்தார். சின்ன வயதில் பாத்தி மிதித்தார், பிறகு பாத்திகளுக்கு உப்புத்தண்ணீர் எடுக்கப் போர் போட ஆரம்பித்தார். ஐம்பது வயதுக்குள் அந்தக் கரை முழுவதும் பேர் வாங்கிவிட்டார். மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்பது அவருக்கு அத்துப்படி. மேலே மணல். பெய்கிற மழையை மணல் குடித்துக்கொள்ளும். அந்த நல்ல தண்ணீரைக் கீழே விடாமல் ஒரு களிமண் படை தாங்கி நிற்கும். களிக்குக் கீழே இருப்பது, எந்தக் காலத்திலோ கடல் விட்டுப்போன உப்புத்தண்ணீர்.

உப்பளக்காரனுக்குக் களியைக் குத்திக்கொண்டு கீழே போகவேண்டும். விவசாயிக்குக் களிக்கு மேலேயே நிற்கவேண்டும். கழுவெளிச் சதுப்பு ஏரி ஓரத்தில் அந்தக் களி ஒரு வயலில் ஆள் உயரத்துக்கு இருக்கும், அடுத்த வயலில் முழம்கூட இருக்காது. எங்கே நிற்பது என்று பார்க்க சவரிமுத்துவிடம் மீட்டர் கிடையாது, நாக்குதான். குழாயில் வரும் தண்ணீரை வாயில் விட்டு, கண்ணை மூடி, “இனிப்பு” என்பார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் விவசாயிகள் அவரைத் தேடி வந்தார்கள். அதில்தான் அவர் சோறும் மரியாதையும் இருந்தன.

அவர் சொன்னபிறகு வேறு யாரும் அந்தத் தண்ணீரை வாயில் வைக்கமாட்டார்கள். புதுப் போர்த் தண்ணீரில் அம்மனுக்குப் பொங்கல் வைத்தபிறகுதான் வீட்டுக்காரர்கள் குடிக்கவேண்டும் என்று அந்தப் பக்கத்தில் ஒரு கட்டு. சவரிமுத்து போர் போட்டு “இனிப்பு” என்று சொல்லிவிட்டுப் போனபிறகு, திருமுருகனும் மாசி வெள்ளிக்காகக் காத்திருந்தான். செடிக்கு ஏது கட்டு? அதற்கு மட்டும் பாய்ச்சினான். இலை ஓரம் கருகியது. நோய் என்று நினைத்து மருந்தடித்தான், மருந்தைக் கலக்கியதும் அதே தண்ணீரில். வெள்ளிக்கிழமை வந்தது. படைத்த பொங்கலில் ஒரு வாய் எடுத்துவைத்த அவன் பெண்டாட்டி சங்கீதா, அம்மன் எதிரிலேயே துப்பினாள். சர்க்கரைப் பொங்கல் கரித்தது.

மறுநாள் காலையில் திருமுருகனும் அவன் மச்சான் கௌதமனும் உப்பளத்துக்கு வந்தார்கள். குழாய் இறக்கிக்கொண்டிருந்த சவரிமுத்துவை முடியைப் பிடித்து இழுத்து, பாத்திக்குள் தள்ளி மிதித்தார்கள். பிறகு பைக்கில் இரண்டு பேருக்கும் நடுவில் உட்காரவைத்து, திருமுருகன் வயலில் இருந்த மோட்டார் கொட்டகைக்குக் கொண்டுபோனார்கள். பக்கத்துப் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த அவர் மனைவி சகாயசெல்வி, கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடி ஒரு ஆட்டோவை மறித்தாள்.

அவள் வந்து சேருவதற்குள் முட்டி போயிருந்தது. கௌதமன் அவர் தலையை நிமிர்த்திப் பிடிக்க, திருமுருகன் போர்த் தண்ணீரை வாளியோடு வாயில் சாய்த்தான்.

“இப்ப சொல்லுடா. உப்பா, இல்லியா?”

உப்பு என்று சொல்லியிருந்தால் அடி அதோடு நின்றிருக்கும். மனுஷனுக்குப் பிழைக்கத் தெரியவில்லை. எதில் பொய் சொன்னாலும் தண்ணீரில் பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. அந்த வலியிலும் கண்ணை மூடி, நிதானமாகச் சப்பிப் பார்த்தார்.

“ஆண்டவர் சத்தியமா நல்ல தண்ணிதான் முருகா.”

ரெஞ்சு தாடையில் இறங்கியது. இரண்டு பல் தரையில் விழுந்தது. மறுபடியும் வாளி, மறுபடியும் அதே கேள்வி. வாய் கோணிப்போயிருந்தும் அவர் அதே பதிலைத்தான் சொன்னார். திமிர் என்று நினைத்த கௌதமன் விலாவில் எட்டி உதைத்தான்.

சகாயசெல்வி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். புருஷனைத் தூக்கப் போகவில்லை. நேராக வாளிக்குப் போய் ஒரு கை அள்ளிக் குடித்தாள். குடித்தது அப்படியே வெளியே வந்தது.

“கரிக்குதுய்யா,” என்றாள். “கொழம்புல உப்பில்ல, உப்பில்லன்னு என்னப் போட்டு அடிப்பியே. நானும் அள்ளி அள்ளிப் போட்டனே. ஒனக்கு நாக்கு செத்துப் போயிருக்குது.”

சவரிமுத்து நாக்கை மெதுவாக நீட்டி, கிழிந்த உதட்டில் வழிந்த ரத்தத்தைத் தொட்டுப் பார்த்தார். ரத்தம் உப்பாக இல்லை. சூடாக மட்டும் இருந்தது. உப்புத்தண்ணீரைச் சுவைத்துச் சுவைத்தே நாக்கு எந்த வருஷத்தில் செத்தது என்று யாருக்குத் தெரியும்? உடைந்த காலுக்கு அழாத மனுஷன் அப்போது அழுதார்.

திருமுருகனின் ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. பொய்க்காரனாக இருந்தால் அடித்துத் தீர்த்திருப்பான். கோபம் கொஞ்சமும் குறையவில்லை, அதை எங்கே கொண்டுபோய் இறக்குவது என்றுதான் தெரியவில்லை.

“எனக்கப்புறம் யாருக்குடா போர் போட்ட?” என்று கேட்டான்.

சவரிமுத்து மனைவியைப் பார்த்தார். கழுவெளிக்கு மேற்கே அருக்காணியம்மா நிலத்தில், போன மாதம் போட்டது. அவளுக்குப் போன் போடச் சொன்னார். அவங்களும் வந்து அடிச்சுக் கொன்னுடுவாங்க என்று சகாயசெல்வி மறுத்தாள். போடு என்று அவர் மறுபடி சொன்னார்.

ஸ்பீக்கரில் அருக்காணியின் குரல் சந்தோஷமாக வந்தது. “ஒங்களுக்குத்தான் போன் பண்ணலாம்னு இருந்தேன். வர்ற வெள்ளிக்கெழம பொங்கல் வெக்கிறோம், குடும்பத்தோட வந்துடுங்க. இலதான் ஓரமெல்லாம் கருகுது. மருந்தடிச்சிருக்கோம், சரியாப்பூடும்.”

சவரிமுத்து வாயிலிருந்த ரத்தத்தை விழுங்கிவிட்டு, “மோட்டார நிறுத்தும்மா,” என்றார்.