சுண்ணாம்பை விட்ட அத்தை

பொங்கலுக்கு ஊர் போய் இறங்கினால் தெருவே வெள்ளையடித்துப் பளிச்சென்று நிற்க, அத்தை வீடு மட்டும் போன வருஷத்து அழுக்கோடு இருந்தது.

"சுண்ணாம்பு இந்த வீட்டுக்குள்ள வரப்பிடாது" என்றாள் அத்தை, அப்பாவின் அக்கா. "நீதானட்டி சொன்ன, கால்சியம் எக்குத்தப்பாப் போனா கேன்சருன்னு."

சொன்னது நான்தான். செல்லுக்குள் கால்சியம் என்ன செய்கிறது என்று பார்ப்பது என் ஆராய்ச்சி. போன தடவை, 'அப்படி என்னதான் வேலை பாக்க?' என்று கேட்டாளே என்று விளக்கித் தொலைத்தேன். பக்கத்துச் செல்கள் கைகோத்து வரிசையாக நிற்கக் கால்சியம் வேண்டும். உள்ளே எவ்வளவு விடலாம் என்று செல்லே காவல் காக்கும். காவல் கெட்டால் பிடி தளர்ந்து, ஒரு செல் வரிசையை விட்டு விலகி இஷ்டத்துக்குப் பெருகலாம் என்றேன். தீப்பெட்டி ஆபீஸில் சட்டத்தில் குச்சி அடுக்கியவள் அவள். "ஒரு குச்சி சாஞ்சாப் போதும், மருந்துல முக்கும்போது ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிடும்" என்று தலையாட்டினாள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்துவிட்டேன்.

அதன் பிறகுதான் அவள் மார்பைப் படமெடுத்த டாக்டர், பொடிப்பொடியாகச் சுண்ணாம்புப் புள்ளிகள் தெரிவதாகவும் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். அன்றைக்கே பாலை நிறுத்தினாள். கேப்பைக்கூழும் முருங்கைக்கீரையும் போயின. வெற்றிலையில் சுண்ணாம்பு தடவுவதும் போயிற்று. புகையிலையை மட்டும் விடவில்லை.

"புள்ளி தன்னால கரைஞ்சிரும். ஊசில்லாம் வேண்டாம்."

எனக்கு வந்தது ஆத்திரம். "விட வேண்டியத வாயில அடக்கிக்கிட்டு, வீட்டுச் சுவரப் பட்டினி போடுதீங்களே! சாப்பிடுத சுண்ணாம்பு அங்கன போய் ஒட்டாது அத்தே. பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது, ஆனா பாத்தாத்தான் தெரியும்."

"ஒண்ணும் இருக்காதுன்னா எதுக்கு ஊசி?"

பேச்சில் அவளை ஜெயித்தவர்கள் கிடையாது. மாமா சீக்கிரம் போய்ச் சேர்ந்ததற்கே அதுதான் காரணம் என்பார்கள். நானும் தோற்றேன், தோற்றதோடு அழுதும் தொலைத்தேன். "எனக்குப் பயமா இருக்கு அத்தே."

மென்றுகொண்டிருந்தவள் நிறுத்தினாள். "படிச்சவ, ஒனக்குப் பயமே கெடையாதுன்னுல்லா நெனச்சேன். அழாத. கெளம்பு, ஒனக்குத் தொணைக்கு நான் வாரேன்."

அப்படித்தான் எனக்குத் துணையாகத் திருநெல்வேலிக்கு வந்து, ஊசிக் குத்தையும் தானே வாங்கிக்கொண்டாள். முடிவு வாங்கப் போன அன்றும் துணைக்கு வந்தாள். கேன்சர் இல்லை. ஆஸ்பத்திரி வாசலிலேயே இடுப்பிலிருந்த புகையிலைப் பொட்டலத்தை என் கையில் திணித்தாள். "இத நீ வச்சுக்க. சுண்ணாம்பு டப்பா ஒண்ணு வாங்கிக் குடு."

பஸ் கிளம்பிய பிறகு என் கையைப் பிடித்தாள். கோவில்பட்டி வரும்வரை விடவேயில்லை.

"என்ன அத்தே?"

"இப்பத்தான்ட்டி பயமா இருக்கு. நீ அழுத அன்னையிலருந்து, நீ இன்னும் பயந்துருவேன்னு அடக்கி வச்சிருந்தேன்."